முடித்த முனை

"ஜித்ரா வெயிலுல ஒருத்தி ஸ்வெட்டர் பின்னுறாளாம்லா. யாருக்குடி? ஐஸ் பெட்டிக்குள்ள கெடக்குற மீனுக்கா?"

அழகம்மா இதைச் சொன்னது வாசுகியிடம். சொன்ன குரலோ, இரத்தம் சுத்திகரிக்கும் சிறுநீரக மையத்தில் இருந்த பதினான்கு நோயாளிகளுக்கும் கேட்கும் குரல். பெண்டாங் பக்கத்து ரப்பர்த் தோட்டம் ஒன்றில் முப்பத்தோராண்டு பால்மரம் வெட்டியவள் அவள். நான்கு நிரை தாண்டி நிற்பவளைக் கூப்பிட்டுப் பழகிய தொண்டை, சிறுநீரகம் இரண்டும் போன பிறகும் குறையவில்லை.

பக்கத்து நாற்காலியில் கிடந்த ராமையா, ஒரு காலத்தில் பேருந்து ஓட்டியவர், போர்வைக்குள்ளிருந்து சிரித்தார். "கோலா கெடா மீனுன்னா கொஞ்சம் பெரிய சைசா பின்னும்மா."

வாசுகி அழகம்மாவின் தம்பி சசிதரனின் மனைவி. கையுறைத் தொழிற்சாலையில் தரம் பிரிக்கும் பகுதியில் பதினாறு ஆண்டு வேலை பார்த்தவள், கணவன் சொல்லி அதை விட்டாள். "என்னை வளத்தவங்க வாசுகி. அம்மா செத்தப்ப எனக்கு ஏழு வயசு. நீ போலன்னா அக்காவ யாரு பாப்பா?" என்று கேட்டான் அவன். அன்றுமுதல் செவ்வாய், வியாழன், சனி ஆகிய மூன்று நாளும் காலை ஏழு மணிக்கு, அண்ணி என்று அவள் அழைக்கும் அந்த நாத்தனாரை வேனில் ஏற்றிக் கடைவரிசையிலிருந்த அந்த மையத்துக்குக் கொண்டுவருவாள். ஊசி ஏற்றும் வரை உள்ளே நிற்பாள். பிறகு கண்ணாடிச் சுவருக்கு வெளியே, பிளாஸ்டிக் நாற்காலியில், நான்கு மணி நேரம்.

அந்த நான்கு மணி நேரத்தில் கைப்பேசியைப் பார்த்துப் பின்னக் கற்றாள். முதலில் முடித்தது ஒரு குழந்தைத் தொப்பி. உள்ளங்கையில் அடங்கும் மஞ்சள் தொப்பி. அதை அழகம்மா விரலில் மாட்டிச் சுழற்றிப் பார்த்து, "தொப்பி ரெடி. தலை எங்க?" என்றாள். திருமணமாகிப் பதினெட்டு ஆண்டாகியும் பிள்ளை பெறாதவளிடம் கேட்ட கேள்வி அது. வாசுகி தொப்பியை அன்றே பிரித்துவிட்டாள். சின்னப் பொருள் எதையும் அதன்பின் தொடவில்லை. பின்னினால் வளர்ந்த மனித உடம்புக்குப் பின்ன வேண்டும். கழுத்து, தோள், கை, இடுப்பு எல்லாம் அளவெடுத்தாற்போல் பொருந்தும் முழு ஸ்வெட்டர் ஒன்றை, ஓர் உயிருள்ள ஆள் கழற்ற மனமின்றிப் போட்டிருக்க வேண்டும். இந்த ஆசையை அவள் யாரிடமும் சொன்னதில்லை. அலோர்ஸ்டாரில் நூற்கடை வைத்திருந்த சீனத்தி மட்டும், "ஸ்வெட்டரா? இந்தச் சூட்டிலா?" என்று மலாயில் கேட்டுவிட்டு, பால்பருத்தி என்ற மெல்லிய பருத்தி நூலில் அடர்நீலம் எடுத்துக் கொடுத்தாள்.

யாருக்கு என்பதை வாசுகி மையத்திலேயே கண்டுகொண்டாள். வெளியே வெயில் தாரை உருக்கினாலும் உள்ளே இயந்திரங்களுக்காக வைத்த குளிர் எலும்பைத் தொடும். உடம்புக்கு வெளியே போய்ச் சுத்தமாகித் திரும்பும் இரத்தம், உடம்பின் சூட்டில் ஒரு பங்கைக் குழாயிலேயே விட்டுவிட்டு வரும். போர்வை கொண்டு வரலாம். ஆனால் ஊசி ஏறிய கையைப் போர்த்தக் கூடாது. ஊசி நழுவினால் அந்தக் கணமே தாதியின் கண்ணில் பட வேண்டும். ஆகவே பதினான்கு பேரும் ஆளுக்கொரு கையை வெறுமையாக வெளியே நீட்டியபடி நடுங்கிக் கிடப்பார்கள். இடக் கை முழுவதும், கழுத்திலிருந்து மணிக்கட்டு வரை பொத்தான் வைத்துத் திறக்கும்படி ஒரு ஸ்வெட்டர் இருந்தால்? ஊசி ஏறிய இடத்தை மட்டும் திறந்துவிட்டு மேலேயும் கீழேயும் பூட்டிக்கொள்ளலாம்.

அண்ணிக்கே பின்னட்டுமா என்று அவள் தயங்கித் தயங்கிக் கேட்டபோது அழகம்மா எதிர்பாராதவிதமாக ஒப்புக்கொண்டாள்.

"பின்னு. ஆனா எனக்குப் புடிக்கலன்னா போட மாட்டேன். மூஞ்சிக்காக போட்டுக்குற பழக்கம் எனக்குக் கெடையாது."

கழுத்தில் தொடங்கிக் கீழ்நோக்கிப் பின்னும் முறையை வாசுகி தேர்ந்தெடுத்தாள். அந்த முறையில் பாதியிலேயே போட்டுப் பார்த்துத் திருத்தலாம். முதல் தடவை தலை வழியே மாட்டியதும் அழகம்மா நாக்கை நீட்டிக் காட்டினாள்.

"என்னாடி, தூக்குல போடுறியா?"

கழுத்து இறுக்கம்தான். வாசுகி பிரித்தாள். இரண்டாம் தடவை அழகம்மா கையைத் தூக்கி, கக்கத்தில் விரலை விட்டு ஆட்டினாள். "இங்க என்னா, சன்னலு வச்சிருக்க? காத்து நல்லா வருது." அங்கே உண்மையாகவே இரண்டு ஓட்டைகள். கையும் உடலும் பிரியும் இடத்தில் கண்ணி எடுக்கத் தவறியிருந்தாள். அதையும் பிரித்தாள். மூன்றாம் தடவைதான் கொடுமை. மார்பு வரை வந்துவிட்ட பின்னல். கண்ணிக்குக் கண்ணி பிசகில்லை. அழகம்மா அரை மணி நேரம் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்துவிட்டு, "தோளு தொங்குது. போட்டப்ப தொங்கல, இப்ப தொங்குது. என்னா நூலு இது, ரப்பரா?" என்றாள்.

வாசுகி அன்றிரவு அடுப்படியில் உட்கார்ந்து ஐந்து வாரத்து வேலையைப் பிரித்தாள். பருத்தி நூல் தன் எடையிலேயே இழுபடும். மாதிரித் துண்டைப் பின்னி அளந்தவள், அதைத் துவைத்துக் கொடியில் தொங்கவிட்டு மறுபடியும் அளக்க மறந்திருந்தாள். புதிய துண்டு பின்னினாள்; துவைத்தாள்; நாலு கவ்விகளில் தொங்கவிட்டாள்; மறுநாள் அளந்தாள். ஒரு சாணுக்கு அரை விரற்கிடை வளர்ந்திருந்தது. அதைப் பயிற்சிப் புத்தகத்தில் தேதியிட்டு எழுதினாள். அண்ணியின் வாய் கொடியது. ஆனால் கண் பொய் சொல்லாது என்று நினைத்துக்கொண்டாள். தன் வேலையை இவ்வளவு கூர்ந்து பார்த்த மனிதர் வேறு யாரும் இல்லை என்று எண்ணியபோது, வெட்கத்தோடு ஒரு நன்றியுணர்வுகூட அவளுக்குத் தோன்றியது.

நான்காம் தடவை கழுத்தும் தோளும் கக்கமும் சரியாக வந்தன. இடுப்பு நீளத்தை மட்டும் அழகம்மா நாளுக்கு ஒன்றாகச் சொன்னாள். எனவே வாசுகி கைகள் இரண்டையும் முதலில் முடித்து, பதினொரு பொத்தான் தைத்து, உடலின் கீழ் விளிம்பைக் கடைசிக்கு விட்டாள்.

மையத்தின் பொறுப்புத் தாதி சுபாஷினி இதையெல்லாம் கவனித்துக்கொண்டே இருந்தாள். ஒரு சனிக்கிழமை வெளியே வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"அக்கா, நெசமாதான் சொல்றேன், இது எல்லாருக்கும் வேணும். இந்த மையத்த நடத்துற சங்கத்துத் தலைவரு மிஸ்டர் புவனேஸ்வரன் வர்ற வியாழன் பத்தரைக்கு வராரு. ஆண்ட்டி போட்டுக்கிட்டு இருக்கட்டும், அவரு கண்ணால பாக்கட்டும். புடிச்சிருச்சின்னா நூலு சங்கம் வாங்கித் தரும். பதினாலு பேருக்கும் நீங்கதான் பின்னணும். மேல மாடியில ஒரு ரூமு சும்மாதான் கெடக்கு, அங்கயே உக்காந்து பின்னலாம்."

"மாடியிலயா? அப்ப அண்ணிய?"

"நாங்க இருக்கோமேக்கா. நாங்க என்னா, செலையா?"

கண்ணாடிக்கு அப்பால் அழகம்மா இவர்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். வீட்டுக்கு வந்ததும் கேட்டாள். வாசுகி ஒன்று விடாமல் சொன்னாள். மகிழ்ச்சியை மறைக்க அவளுக்குத் தெரியவில்லை.

புதன்கிழமை மாலை கடைசி வரிசை முடிந்தது. கண்ணிகளை ஒன்றன்மேல் ஒன்றாக மூடி, நூலை வெட்டி, மிஞ்சிய நுனியைத் தையலூசியால் உட்பக்கம் முன்னும் பின்னும் செலுத்தி மறைத்தாள். அழகம்மா ஸ்வெட்டரை வாங்கிப் புரட்டிப் பார்த்தாள்.

"நுனி எங்க போச்சு?"

"இங்கதான் அண்ணி. ஓரத்துல ஒளிச்சிருக்கேன். பாருங்க, தெரியாது."

"கழுத்துல ஒரு நுனி இருந்திச்சே?"

"அது ஆரம்பிச்ச நுனி. அதைப் புடிச்சி இழுத்தா ஒன்னும் ஆவாது, முடிச்சிதான் விழும். முடிச்ச நுனியிலேர்ந்துதான் அவுக்க முடியும். இதை எடுத்து இழுத்தா கடகடன்னு மேல வரைக்கும் வந்துடும்."

அழகம்மாவின் கட்டைவிரல் அந்த இடத்தை ஒருமுறை தடவியது. "எங்க ஒட்டுப்பாலு மாரி," என்றாள். "வெடியக்காலைல மரத்துக்கிட்ட போனா மொத வேலை என்னா தெரியுமா? நேத்து வெட்டுன கோட்டுல காஞ்சி ஒட்டிக்கிட்டு இருக்குற பால எடுக்கணும். நெகத்தால நுனியக் கெளப்பி, ஒரே இழுப்பு. நாடா மாரி வரும். அத்து அத்து எடுக்குறவள, வேலைய மேப்பாக்குற மண்டோரு ஏசுவான். என்னைய ஒரு நாளும் ஏசுனதில்ல."

"அப்படியா அண்ணி," என்று வாசுகி சிரித்தாள்.

வியாழக்கிழமை காலை இயந்திரத்தோடு இணைப்பதற்குமுன் ஸ்வெட்டரைப் போட்டுவிடப் போனவளை அழகம்மா தடுத்தாள்.

"இப்பவே போட்டா கசங்கிப் போயிடும். ஐயா வர்ற நேரத்துக்குப் போட்டுக்குறேன். பொத்தானு இருக்குல்ல, எப்ப வேணும்னாலும் மாட்டலாம். மடியில வையி."

இந்த அக்கறை வாசுகியின் நெஞ்சைத் தொட்டது. ஸ்வெட்டரை மடித்து மடியில் வைத்து, மேலே பூப்போட்ட போர்வையை இழுத்துவிட்டு வெளியே போனாள். எட்டரை மணிக்குக் கண்ணாடி வழியே பார்த்தபோது, போர்வை முழங்கால் பக்கத்தில் விட்டுவிட்டு அசைந்துகொண்டிருந்தது. நடுங்குகிறாள் என்று எண்ணினாள். உடனே சுபாஷினியிடம் சொல்லி இன்னொரு போர்வை வாங்கி, தானே உள்ளே போய் மேலே போர்த்தினாள்.

"போதுமா அண்ணி?"

"போதும் போதும். நீ போ."

பத்தரைக்குப் புவனேஸ்வரன் வந்தார். வெள்ளைச் சட்டை, சட்டைப் பையில் மூக்குக் கண்ணாடி. நாற்காலி நாற்காலியாக நலம் விசாரித்துக்கொண்டு வந்து அழகம்மாவின் முன் நின்றார். சுபாஷினி வாசுகியை உள்ளே கூப்பிட்டாள்.

"இவங்கதான் சார் நான் சொன்ன அக்கா. ஆண்ட்டி, எங்க ஸ்வெட்டரு? காட்டுங்க."

அழகம்மா வலக் கையால் இரண்டு போர்வைகளையும் சேர்த்து ஒதுக்கினாள். மடி நிறைய அடர்நீல நூல், நெளி நெளியாக, பிடி பிடியாகக் குவிந்து கிடந்தது. குவியலின் மேல் ஒரு கழுத்தும் இரண்டு கைகளும் மட்டும் மிஞ்சியிருந்தன. இடக் கையில் பதினொரு பொத்தானும் ஒழுங்காகப் பூட்டியிருந்தன. உடல் இல்லை.

அழகம்மாதான் முதலில் பேசினாள்.

"என்னான்னு தெரியலங்கையா. ஒரு நுனி நீட்டிக்கிட்டு இருந்திச்சி. உள்ள தள்ளலாம்னு தொட்டேன். வந்துக்கிட்டே இருந்திச்சி. நான் வயசானவ, ஒரு கைதான் இருக்கு, நான் என்னா செய்ய?"

"ஆண்ட்டி!" என்றாள் சுபாஷினி.

"நல்லா பின்னியிருந்தா அவுந்திருக்குமா? நீங்களே சொல்லுங்கையா."

புவனேஸ்வரன் குனிந்து, நூலை ஒரு விரலால் தூக்கிப் பார்த்தார். வாசுகியின் முகத்தைப் பார்க்காமல் பேசினார். "முயற்சி நல்ல முயற்சிதாம்மா. ஆனா இங்க ட்யூப் ஓடுது, ஊசி இருக்கு. இந்த நூலு அதுல சிக்கிக்கிச்சின்னா நாளைக்கு யாரு பதில் சொல்றது? சுபாஷினி, இதெல்லாம் உள்ள கொண்டாறப்ப கொஞ்சம் பாத்துக்க." அடுத்த நாற்காலிக்கு நகர்ந்து, "எப்படி ராமையா அண்ணே, தண்ணி அளவாதான் குடிக்கிறீங்களா?" என்றார்.

ராமையா அழகம்மாவின் மடியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

வாசுகி நூலை அள்ளிப் பைக்குள் வைத்தாள். எங்கும் அறுபடவில்லை என்பதைக் கை அறிந்தது. நுனியிலிருந்து கக்கம் வரை ஒரே இழை. தெரியாமல் இழுத்தவர் கையில் இவ்வளவு நீளம் அறுபடாமல் வராது.

திரும்பும் வேனில்தான் கேட்டாள். "ஏன் அண்ணி?"

அழகம்மா சன்னல் பக்கம் பார்த்தபடியே சொன்னாள்.

"மாடியில ரூமு குடுக்குறாங்களாமே. பதினாலு பேருக்குப் பின்னுவியாமே. ஊருல உள்ளவனுக்கெல்லாம் தோளு அளந்துக்கிட்டு நீ மாடியில உக்காந்திருப்ப. நான் கீழ கெடந்து சாவணும். ஒன்னைய எதுக்குக் கூட்டிக்கிட்டு வரேன்? என்னையப் பாக்கத்தான். பெத்துப் போட ஒன்னால முடியல. இருக்குற ஒருத்தியயாச்சும் ஒழுங்கா பாரு."

சசிதரன் இரவுச் சோற்றைப் பிசைந்துகொண்டே முழுவதும் கேட்டான். "அக்காகிட்ட போயி நான் கேக்கவா முடியும்? ஒடம்பு முடியாதவங்க. நூலு இருக்குல்ல? வேற பின்னிக்கலாம்லா." அவ்வளவுதான், மீன் குழம்பை இழுத்து ஊற்றிக்கொண்டான்.

நூல் இருந்தது. மிஞ்சிய கழுத்தையும் கைகளையும் வாசுகி தானே பிரித்தாள். நெளிந்த நூலைச் சிட்டமாகச் சுற்றி நனைத்தாள். அடியில் தண்ணீர்ப் புட்டிகளைக் கட்டிக் கொடியில் தொங்கவிட்டாள். இரண்டு நாளில் நெளிவு நீங்கியது. ஒருமுறை பின்னப்பட்ட நூல் என்று இனி யாரும் சொல்ல முடியாது.

செவ்வாய்க்கிழமை அளவு நாடாவோடு உள்ளே போனாள். அண்ணிக்கு ஊசி ஏற்றும்வரை வழக்கம்போல் தலையணையைச் சரிசெய்தாள், காலுக்குப் போர்வை விரித்தாள். பிறகு அவளைத் தாண்டிப் பக்கத்து நாற்காலிக்குப் போனாள்.

"அண்ணே, தோளக் கொஞ்சம் நிமித்துங்க."

ராமையா திகைத்தார். "எனக்காம்மா?"

"ஒங்களுக்குத்தான். எந்தக் கையி ஊசி? எடதா? சரி."

"அது என் நூலு," என்றது பின்னாலிருந்து அழகம்மாவின் குரல்.

வாசுகி திரும்பாமல் மார்பளவைப் புத்தகத்தில் எழுதினாள். "ஒங்க ஸ்வெட்டர நீங்கதான் அவுத்துப்புட்டீங்களே அண்ணி. இப்ப அது வெறும் நூலு."

இம்முறை கீழ் விளிம்பில் தொடங்கினாள். மேல்நோக்கிப் பின்னும் முறை கடினமானது. இடையில் போட்டுப் பார்க்க இயலாது. கணக்கு பிசகினால் தோளில்தான் தெரியும். ஆனால் முடிக்கும் முனை பிடரிக்கு வரும். சாய்ந்து கிடப்பவரின் தலைக்குக் கீழே, ஒற்றைக் கை எட்டாத இடம் அது. ஏழு வாரத்தில் முடித்தாள். ஒரு கண்ணியைக்கூடப் பிரிக்கவில்லை. கடைசி நுனியை இழை இழையாகப் பிரித்து, ஒவ்வோர் இழையையும் வெவ்வேறு திசையில் செலுத்தி, கழுத்துப் பட்டையை இரண்டாக மடித்து அதன்மேல் தைத்தாள்.

சுபாஷினி தலைவரை மறுபடியும் வரவழைத்தாள். ராமையா அடர்நீல ஸ்வெட்டரில், முன்கைப் பொத்தான்கள் மட்டும் திறந்திருக்க, மாப்பிள்ளைபோல் சாய்ந்து கிடந்தார். தோள் தொங்கவில்லை. கக்கத்தில் ஓட்டை இல்லை.

"நீங்களே இழுத்துப் பாருங்க சார்," என்றாள் சுபாஷினி. புவனேஸ்வரன் விளிம்பைப் பிடித்து இழுத்தார். கையைப் பிடித்து இழுத்தார். கொஞ்சம் ஓங்கியே இழுத்தார்.

"யோவ், என்னையும் சேத்து இழுக்காதய்யா," என்றார் ராமையா. "செத்தாலும் இதை நான் கழட்ட மாட்டேன். எரிக்கிறவன் கழட்டிக்கட்டும்."

எல்லாரும் சிரித்தார்கள். அழகம்மா மட்டும் கண்ணை மூடிக்கொண்டிருந்தாள். அவளுடைய வெறும் இடக் கையில் மயிர்க்கால்கள் குத்திட்டு நின்றன.

சங்கம் நூலுக்கும் மாடி அறைக்கும் ஒப்புக்கொண்டது. மறு சனிக்கிழமை சுபாஷினி நாற்காலி எண்படி எழுதிய பெயர்ப் பட்டியலைக் கொண்டுவந்து நீட்டினாள். ராமையாவை விட்டால் பதின்மூன்று பேர். "யாருக்கு மொதல்ல, யாருக்கு அப்புறம்னு நீங்களே வரிசை போட்டுக்கங்கக்கா. ஏழு வாரத்துக்கு ஒன்னுன்னா போதும், அவசரமில்ல."

அழகம்மாவின் பெயர் மூன்றாவதாக இருந்தது. வாசுகி அதன்மேல் நேராக ஒரு கோடு போட்டாள். அடியில், பதின்மூன்றாம் இடத்தில், தெளிவான எழுத்தில் மறுபடியும் எழுதினாள்.

"ஆண்ட்டி கடைசியா? ஒங்க வீட்டு ஆளாச்சே."

"வீட்டு ஆளுதானே சுபா. பொறுத்துக்குவாங்க."

மாடி அறைக்குப் போக இருந்தவளை அழகம்மா ஊசி ஏறாத கையை அசைத்துக் கூப்பிட்டாள். நாளுக்கு எத்தனை மரம், மாதத்துக்கு எத்தனை மரம் என்று முப்பத்தோராண்டு மனத்திலேயே கணக்குப் போட்டவள். பட்டியலில் தான் கடைசி என்பது அவள் காதில் விழுந்திருந்தது.

"ஏழு பதிமூனு தொண்ணூத்தொன்னு. தொண்ணூத்தொரு வாரம்." உதடு குளிரில் வெளுத்திருந்தது. "ஒன்னே முக்கா வருசம் வாசுகி. அதுவரைக்கும் நான் இருப்பனா?"

வாசுகியின் கையில் அடுத்த ஸ்வெட்டரின் விளிம்பு, பாதி வரிசையில் இருந்தது. நின்றபடியே மிச்சக் கண்ணிகளை எண்ணி முடித்தாள். பின்னலூசியைத் திருப்பிப் பிடித்தாள்.

"பாப்போம் அண்ணி."

போர்வையைக் கழுத்துவரை இழுத்து, ஓரங்களை ஒழுங்காகச் செருகி, ஊசி ஏறிய கையை மட்டும் விதிப்படி வெளியே எடுத்து வைத்துவிட்டு, மாடிக்கு ஏறினாள்.